பிழையின் முதல் வரி

முகம் பார்த்துத் திறக்கும் வீட்டுப் பூட்டின் மென்பொருளை அவரவரே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துகொள்ளலாம் என்று ஆனதிலிருந்து, ரெடிமேட் பூட்டு வாங்குகிறவர்களைத் திலீபன் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

இந்த முறை கம்பைல் பாதியில் நின்று, திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் ஓடின. பழுத்த லினக்ஸ்காரனுக்கே உரிய பொறுமையோடு அவன் கடைசி வரியை மட்டும் படித்தான். மனைவி பூரணியின் பெயருள்ள வரியில் பிழையாம். மேலே போய்க் காரணம் தேடுவதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை. அந்த வரியைக் கமெண்ட் ஆக்கி முடக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். கம்பைல் சுத்தமாக முடிந்தது. லினக்ஸ் நண்பர்கள் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டுப் பாராட்டும் வாங்கிக்கொண்டான்.

மாலையில் பூரணி வேலை முடிந்து வந்தாள். கதவு, "நீங்கள் யார்?" என்றது.

"ஏங்க, இது என்னை யாருன்னு கேக்குது! உள்ளேருந்து திறங்க."

அந்நியர் வாசலில் நிற்கும்வரை உள்ளிருந்தும் திறக்காது. அந்த வசதியைச் சேர்த்ததும் திலீபன்தான்.

"சின்ன சாஃப்ட்வேர் பிழைதாம்மா, ஒரே நிமிஷம்!"

வரியைத் திரும்பச் சேர்த்தான், திரும்பவும் சிவப்பு. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, மேலே உருட்டி முதல் வரியைப் படித்தான்: 'பூரணியின் பழைய படம் செல்லாது. ஒரு வாரமாக அவர் தலைமுடி தோள்வரைதான்.'

"பூரணி... முடி வெட்டிட்டியா?"

வெளியே பூரணி லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"பரவால்லீங்க. கதவாவது பாத்துச்சே."

லிஃப்ட் கீழே இறங்கும் ஓசை கேட்டது.

"அந்நியர் போய்விட்டார்" என்று உற்சாகமாக அறிவித்துவிட்டு, கதவு தானாகவே திறந்தது.