எல்லாப் படத்திலும் முதுகு

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இந்த வருஷம் யாரும் மலைக்குப் போகலைன்னு சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரன் நிம்மதியாகச் சிரித்தான். எனக்கும் நிம்மதிதான். பொய் சொன்ன வாய் மட்டும் கொஞ்சம் கசந்தது.

ஹாஸ்டலில் இவனும் நானும் அவனும், மூன்று பேரும் ஒரே அறை. படிப்பு முடிந்து முப்பது வருஷமாகியும், வருஷா வருஷம் மழை விட்டதும் ஒரு நாள் இந்த மலை முகட்டில் நடப்போம். மூன்றாமவனுக்கு நாங்கள் வைத்த பேர் முந்திரிக்கொட்டை. பெருத்த உடம்பு. ஆனாலும் அவன்தான் முன்னால் போவான். எவ்வளவு கத்தினாலும் நிற்கமாட்டான்.

"பேசிக்கிட்டே நடக்கத்தானே வர்றோம்? நாம எடுத்த எல்லாப் படத்துலயும் அவன் முதுகுதான் இருக்கு."

"அதுவும் சேத்துல புரண்ட எருமை மாதிரி."

இந்த முறை ஆசை தீரப் பேசினோம். ஒழுகிய குழாய், பூட்டை உடைத்து அறைக்குள் போனது, அவனுடைய தொளதொளச் சட்டையை ஆளுக்கொரு நாள் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனது. எந்தக் கதையை எடுத்தாலும் அவன் நடுவில் வந்து நின்றான்.

பச்சைப் புல் என்று நம்பித்தான் கால் வைத்தேன். முழங்கால் வரை இறங்கியது. என்னை இழுக்க வந்தவனின் ஒரு ஷூ சேற்றோடு போயிற்று. தட்டுத்தடுமாறி ஒரு பாறையில் ஏறினோம். சுற்றிலும் ஒரே பச்சை. வந்த வழியும் தெரியவில்லை.

"முப்பது வருஷத்துல என் ஷூ நனைஞ்சதே இல்லையேடா" என்றான் மருந்துக்கடைக்காரன்.

நான் போனை எடுத்தேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

"எங்கடா இருக்கே?" என்றான் முந்திரிக்கொட்டை.

"முகட்டுல. சேத்துக்கு நடுவுல, பாறை மேல."

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு பேருமா?"

"ஆமாடா. வழி சொல்லு. நீதானே எப்பவும் முன்னாடி போறே."

"எனக்கென்ன வழி தெரியும்? சேறு வருஷா வருஷம் இடம் மாறுது. தரை என்னைத் தாங்குச்சுன்னா உங்களையும் தாங்கும். அதுக்குத்தான் முன்னாடி போவேன்."

அங்கே அவன் மனைவியிடம், "அந்தப் பழைய ஷூவை எடு" என்பது கேட்டது.

"கிளம்பிட்டேன்டா. நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் முன்னாடி போகாதீங்க."