இறந்த ஆண்டு: 00

லுசாகா ஓய்வூதிய அலுவலகத்தின் ஜன்னல்களில் தொண்ணூற்றொன்பது செப்டம்பரின் வெயில் அசையாமல் நிற்கிறது. சோதனைக்காகக் கணினியின் தேதியை இரண்டாயிரம் ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறோம். ஓய்வூதியத்தை நிறுத்த வேண்டிய இறந்தவர்களின் பட்டியலை அச்சுப்பொறி கிறீச்சிட்டுத் தருகிறது. பெயர்கள் முடியவே இல்லை. "என்னக்கா, ஊரையே கொன்னுட்டீங்களா?" என்று சிரிக்கிறான் பக்கத்து மேசை முசோண்டா. உயிரோடிருப்பவர்களுக்கு, இறந்த ஆண்டு என்ற கட்டத்தில் இரண்டு சுழியம் போடுவது எங்கள் வழக்கம். பதினோரு வருடமாக நான்தான் போடுகிறேன். கணினி இப்போது அதை இரண்டாயிரம் என்று படிக்கிறது. இன்னும் மூன்றே மாதத்தில் அத்தனையையும் திருத்தியாக வேண்டும். கண்ணாடிக்கு வெளியே, பெஞ்சில், ஓய்வூதியம் வாங்க வந்த முதியவர்கள் வேர்க்கடலை உரிக்கிறார்கள். நடுவில் பூப்போட்ட சிட்டெங்கேயை இடுப்பில் சுற்றிக்கொண்டு என் அம்மா. தாளில் ஒரு பெயரைப் படித்து நிமிர்கிறேன். அந்தப் பெயருக்குரிய கிழவரின் முகம் பெஞ்சில் நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. அவசரமாகத் தேதியைச் செப்டம்பருக்கு இழுக்கிறேன். அச்சுப்பொறி நிற்கவில்லை. நமகாவ் முபித்தா என்று அம்மாவின் பெயரை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. அம்மா எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டுகிறாள். "ஏம்மா, என் பேரு வந்துருச்சா?"