ஒரு சாண் மரம்

மூன்றாவதும் முடிந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. காதில் மகளுடைய ஹெட்ஃபோன்.

எதிரே கனிஷ்கா நகத்தைக் கடித்தபடி நின்றாள். பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் இசையும் ஒரு பாடம். பரீட்சைக்குப் பியானோவில் மூன்று உருப்படிகள் வாசித்தாக வேண்டும். இரண்டு முடிவாகிவிட்டன. மூன்றாவதில்தான் இழுபறி. அவளுக்குப் பிடித்தது மெதுவாகப் போகிற ஒன்று. ஸ்டெல்லா மிஸ் எடுக்கச் சொல்வது குடுகுடுவென்று ஓடுகிற இன்னொன்று. நாளை திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த மெதுவான பாட்டை மூன்று பேர் வாசித்த பதிவுகளைத்தான் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

அவருக்கும் பியானோவுக்கும் காத தூரம். ஆனால் சென்னியப்பன் மோட்டார் மெக்கானிக். தெருவில் நடக்கும்போதே எந்த வீட்டுக் கிரைண்டரில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அது. அதை யாரும் சும்மா விடுவார்களா?

"சொல்லுங்கப்பா. யாரு நல்லா வாசிக்கறாங்க?"

"மொத ஆளு பஸ்ஸப் புடிக்க ஓடறாரு. ரெண்டாவது அம்மா எடத்துக்கு எடம் நின்னு அழுவுது. மூணாவது ஆளுதான் லோடு ஏத்துனாலும் திணறாம ஒரே சீராப் போறாரு. ஆனாக் கண்ணு..."

"ஆனா?"

"மூணு பேருமே கடைசியில தட்டாம விட்டுப்போட்டாங்களே."

அவளுக்குப் புரியவில்லை.

அவர் எட்டி, கீபோர்டுக்கு இடப்பக்கம் காலியாகக் கிடந்த மேசை மரத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

"இதுதான். நீ வாசிச்சு முடிக்கறப்ப வருமே. அந்தப் பாட்டுலயே எனக்குப் புடிச்சது அதுதான்."

கனிஷ்கா சிரித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது பாட்டுல இல்லீங்ப்பா. அங்க ரொம்பக் கீழ ஒரு கட்டை வரணும். நம்ம கீபோர்டுல அந்தக் கட்டையே கெடையாது. அதான் மரத்துல தட்டிக்கறேன்."

பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகளாம். வீட்டுக் கீபோர்டில் அறுபத்தொன்று.

அவரும் சிரித்தார். பாதியில் நின்றுவிட்டது.

கீபோர்டு வாங்கிய அன்றைக்குக் கடைக்காரர் நீளமானதையும் காட்டினார். மேசையை அளந்துகொண்டு போயிருந்தவர் இவர்தான். புத்தகம் வைக்க ஒரு சாண் இடமாவது மிஞ்ச வேண்டும் என்று சின்னதை எடுத்துக்கொண்டு வந்தவரும் இவர்தான். இல்லாத கட்டைக்காகப் பிள்ளை இரண்டு வாரமாக மரத்தைத் தட்டியிருக்கிறது. இவர் அதைக் காபி குடித்துக்கொண்டே ரசித்திருக்கிறார்.

சுருக்கென்று இருந்தது.

அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஸ்கூல் பியானோ வாரத்துக்கு இருவது நிமிஷந்தானுங்ப்பா. கை பழகாத கட்டையப் பரீட்சையில போய்த் தேடிட்டு இருக்க முடியாதுன்னு மிஸ் சொல்றாங்க. பரவால்ல, அந்த வேகமான பாட்டையே எழுதிக் குடுத்தர்றேன்."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"பொறு."

தன் மெக்கானிக் கடைக்குப் போய் வெர்னியரை எடுத்து வந்தார். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலத்தை அளந்தார். இடப்பக்கம் இன்னும் எத்தனை கட்டை இருக்க வேண்டும் என்று கேட்டார். அவள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். ஒன்பது வெள்ளை, ஆறு கறுப்பு.

மிஞ்சிய அந்த ஒரு சாணுக்குள் அத்தனையும் அடங்கின.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. இருந்தும் ஷட்டரைத் தூக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் கீபோர்டின் இடப்பக்கம் ஒரு பலகை வந்து உட்கார்ந்தது. மரக் கட்டைகள், வெள்ளைப் பெயிண்ட், கறுப்புப் பெயிண்ட், அடியில் ஸ்பிரிங். அழுத்தினால் இறங்கியது. விட்டால் எழுந்தது.

"சத்தம் வராது கண்ணு," என்றார், தப்புச் செய்தவர் மாதிரி.

கனிஷ்கா உட்கார்ந்து வாசித்தாள். கடைசியில் இடக்கை கீபோர்டைத் தாண்டி நாலு கட்டை தள்ளிப் போய் அழுத்தியது.

ஒன்றும் கேட்கவில்லை. டொக்கும் இல்லை. அவருக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

அவள் இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே.

அப்புறம் பையிலிருந்து படிவத்தை எடுத்து, மெதுவான பாட்டின் பெயரை எழுதினாள்.

பிப்ரவரியில் பரீட்சை.

இசை அறையின் கதவு சாத்தியிருந்தது. வராந்தா பெஞ்சில் அவர் மட்டும். முதல் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவது ஆரம்பித்தது. பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம் இல்லை, நின்று அழுவது இல்லை, ஒரே சீர். ஒவ்வொரு திருப்பமும் அவருக்கு மனப்பாடம். முடிவு நெருங்கியது.

கை இப்போது தாண்டும்.

நாலு கட்டை.

வந்தது. இத்தனை மாதமும் அந்த வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம். கதவைத் தாண்டி, பெஞ்சின் கால் வழியாக அவர் உள்ளங்கால்வரை வந்தது.

அதே நொடியில் வெளியே டொக் என்றது.

கதவருகே நின்ற அட்டெண்டர் முறைத்தார். "சார், பெஞ்சுல தட்டாதீங்க. உள்ள பரீட்சை நடக்குதுல்ல?"

சென்னியப்பன் தன் விரலைப் பார்த்தார். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே அது இன்னும் அடங்கவில்லை.