ஆளுக்கொரு புத்தகம்

"புத்தகத்தை நேராப் பிடிக்கக்கூடத் தெரியல. இவளா உங்க வகுப்புலயே நல்லா வாசிக்கிற பொண்ணு?"

கல்வி அதிகாரி சித்தாண்டா கேட்டதும் இரண்டாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிகுதானி தலைகீழாகத் திருப்பி வைத்திருந்த புதுப் புத்தகத்தை ஆசிரியை நங்குக்கா அவசரமாக வாங்கி, நேராக்கி, மறுபடி அவள் கையில் திணித்தாள்.

"பயந்துட்டா ஐயா. நேத்து வரைக்கும் கடகடன்னு வாசிச்ச பொண்ணு. சிகு, வாசிடா கண்ணு. எல்லாம் சின்னச் சின்ன வரிதான். நம்ம சுவாஹிலிதானே?"

அதிகாரி உள்ளே வந்ததும் எல்லாரையும்விட உரக்க "ஷிகாமூ" என்று வணக்கம் சொன்ன வாய் அது. இப்போது பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தது. சிகுதானி தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். புத்தகத்தைத் திருப்பக் கை போனது. நங்குக்கா முறைத்தாள், கை திரும்பி வந்துவிட்டது.

புத்தகம் வேண்டும், புத்தகம் வேண்டும் என்று நேவாலா ஊர்க் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள் இந்த நங்குக்காதான். கரும்பலகையில் கறுப்பே உதிர்ந்து போயிருந்தது, எழுதினால் எழுத்து நிற்காது. பழைய புத்தகங்களைக் கரையான் நன்றாகப் படித்து முடித்துவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அதைத் தரையில் பாய்மேல் விரித்து வைப்பாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். நங்குக்கா வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக் காட்டுவாள்.

அம்மா இறந்து மாமா வீட்டுக்கு வந்த சிகுதானி, பள்ளியில் சேர்ந்தது நடுவில். முன்பே இடம் பிடித்தவர்கள் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் கிடைத்த இடுக்கில் புகுந்துகொண்டாள். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் எல்லாரையும் முந்திவிட்டாள்.

இன்று காலை லாரியில் பெட்டி பெட்டியாய் வந்து இறங்கியது. ஆளுக்கொரு புத்தகம்! நங்குக்கா ஒன்றைப் பிரித்து முகர்ந்துகூடப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் இவ்வளவு சீக்கிரம் கசக்கும் என்று யார் கண்டது?

"எனக்கு இது புதுசில்ல டீச்சரம்மா" என்றார் சித்தாண்டா. "ஒரே புத்தகத்தை வருஷம் பூரா ஓதினா, இங்க கிடக்கிற பெஞ்சுகூட ஒப்பிக்கும். அதுக்குப் பேரு வாசிப்பில்ல, மனப்பாடம்."

"சத்தியமா இல்லீங்க ஐயா. அவளுக்கு எழுத்து தெரியும்."

"தெரிஞ்சா வாசிக்கச் சொல்லுங்களேன். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

நங்குக்கா சொன்னாள். கெஞ்சினாள். அதட்டினாள். சிகுதானி புத்தகத்தையே வெறித்துப் பார்த்தாள். கண்ணீர் சொட்டிப் புதுத் தாளில் பட்டதும், அதைப் பாவாடையால் துடைத்தாள்.

"ஒண்ணாம் வகுப்புக்கே அனுப்பிடலாம். எழுத்துலேருந்து ஆரம்பிக்கட்டும்."

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு வகுப்பு இறங்கினாலும் பள்ளிக்கூடம் கிடையாது, முந்திரிக்கொட்டை பொறுக்கத்தான் போகணும்னு அவ மாமா சொல்லிட்டாரு. சொன்னா செய்யற ஆளு அவரு."

"அது அவங்க வீட்டு விவகாரம். நான் பாக்க வந்தது வாசிப்பு."

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. புழுதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தார், கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நங்குக்காவிடம் சாட்சி என்று இருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆளும் வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்கிய புத்தகமே பிள்ளைக்கு எமனாகி விட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி முன்னால் அழவும் முடியவில்லை.

சித்தாண்டா மேசைமுன் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். அச்சடித்ததுபோலக் குண்டு குண்டாக எழுதுவது அவர் வழக்கம். மேசைக்கு எதிர்ப்பக்கம் சிகுதானி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பேனா ஓடுவதையே பார்த்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது.

"சிகுதானி... இரண்டாம் வகுப்பு..."

பேனா நின்றது.

"வாசிக்கத்... தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு... மாற்றவும்."

சித்தாண்டா தாளைப் பார்த்தார், எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தார். நங்குக்கா பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப் பாவி, இதை வாசிக்கத் தெரியுதுல்ல? அப்போ புத்தகத்தை ஏன்டி வாசிக்கல?"

சிகுதானி விசும்பிக்கொண்டே சொன்னாள்:

"புதுப் புத்தகத்துல எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு டீச்சர்!"