அண்டாவின் இரண்டு காதுகள்

குழம்பு கெட்டிருந்தது.

மூடியைத் திறந்ததுமே உதவிக்காரிக்குத் தெரிந்துவிட்டது. கொதிக்கிற ஆவிக்கு அடியில் மெலிதாக ஒரு புளித்த வாடை, பொய் சொல்கிறவன் சிரிப்பைப் போல.

அந்த விடுதிச் சமையலறையில் நேற்றைய மிச்சத்தை இன்றைய குழம்பில் கலப்பது வழக்கம். 'தாய்க் குழம்பு' என்று மாஸ்டர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். நேற்று குளிர்பெட்டி நின்றுபோனதில் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை அறிவிக்கத்தான் ஆளில்லை.

அறிவிக்க வேண்டியவர் மாஸ்டர். அங்கே ருசி பார்க்கிற உரிமை அவர் நாக்குக்கு மட்டும்தான். அந்த நாக்குக்கும் அதற்கு மேலே இருக்கிற மூக்குக்கும் இப்போது ஜலதோஷம். ஆனாலும் சற்றுமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, எல்லார் முன்னாலும், "பிரமாதம்" என்று சொல்லியிருந்தார்.

கூடத்தில் பிள்ளைகள் தட்டைத் தட்டத் தொடங்கினார்கள்.

அவள் மூளையும் வேலையைத் தொடங்கியது.

சொன்னால்? மாஸ்டர் எல்லார் முன்னாலும் கத்துவார். முன்பு ஒருத்தி உப்பு அதிகம் என்று சொன்னாள். அன்றிலிருந்து கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கிறாள்.

சொல்லாவிட்டால்? பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கட்டுமே, கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயசு.

ஆனால் ஒரு ஒல்லிக்குச்சி உண்டு. காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்தது. "இன்னும் ஒரு கரண்டி அக்கா" என்று தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்.

மூளை அதையும் நேர்மையாகத் தராசில் வைத்தது. வைத்துவிட்டு, காய்கறிக்காரன் மாதிரி மறுதட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டது.

"நீ முதல்ல சாப்பிட்டுரும்மா," என்றார் மாஸ்டர். பரிமாறுவதற்கு முன்னால் சமையலறை ஆட்கள் சாப்பிட்டுவிடுவார்கள்.

"பசியில்ல மாஸ்டர். நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு. சரி, தூக்கு."

வயிறு எல்லாருக்கும் ஒரு மாதிரியாக இருக்கிற நாள்தான். அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மூளைக்கு வேறு வேலை இருந்தது.

அவளும் மாஸ்டரும் ஆளுக்கொரு காதைத் துணி சுற்றிப் பிடித்தார்கள். அண்டா அடுப்பை விட்டு எழுந்தது.

அப்போதுதான் மூளைக்கு மூன்றாவது வழி ஒன்று தென்பட்டது.

துணி ஈரம். காது சூடு. வழியில், தரை கழுவுகிற தண்ணீர் போகும் மடை. கை என்று இருந்தால் வழுக்கத்தான் செய்யும். வாயைத் திறக்க வேண்டாம், யாரையும் எதிர்க்க வேண்டாம். ஒல்லிக்குச்சிக்கும் ஒன்றும் ஆகாது. இவ்வளவு மலிவாகத் தைரியம் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மடை வந்தது. காலை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். விரலைத் தளர்த்தப் போனாள்.

தளர்த்தவில்லை.

அதற்குள் அண்டா மாஸ்டர் பக்கம் சாய்ந்துவிட்டது.

குழம்பு மொத்தமும் ஆவி பறக்க மடையை நோக்கி ஓடியது. கூடத்தில் தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

"கண்ணை எங்க வெச்சிருக்க நீ? ஒரு அண்டாவை ஒழுங்கா பிடிக்கத் துப்பில்ல, வந்துட்டா சமையலுக்கு," என்று மாஸ்டர் கத்தினார். எல்லார் முன்னாலும்தான். பாத்திரம் தேய்க்கிறவள்கூட ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள்.

உதவிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது. மாஸ்டரின் இரண்டு கால்களும், மடையிலிருந்து அவள் கால்களை விட ஓர் எட்டு அதிகமாகவே தள்ளி, ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் பத்திரமாக நின்றுகொண்டிருந்தன.

"என் கைதான் மாஸ்டர்," என்றாள் அவள். "வழுக்கிடுச்சு."