கடன் போன பீரியட்கள்

கணக்கு டீச்சர் விளையாட்டு வாத்தியாருக்குத் தர வேண்டிய பாக்கி, பதினேழு பீரியட். “போர்ஷன் முடியல சார்” என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களை ஒவ்வொரு முறையும் பிடித்து வைத்துக்கொள்வார்.

“பிள்ளைங்க எப்பதான் ஓடியாடுறது? இன்னைக்கு விடப்போறதில்ல” என்று பொருமிக்கொண்டே வாத்தியார் வகுப்புக் கதவைத் தள்ளினார்.

பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. பெண்கள் வேர்க்க விறுவிறுக்கக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர் டீச்சர்.

“இதென்ன கணக்கு, டீச்சர்?”

“மைதானத்து மதில் மேல வெளிப்பசங்க உட்கார்ந்து கிண்டல் பண்றாங்க சார். பிள்ளைங்க உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டு, வயித்துவலின்னு ஒதுங்கினாங்க. என்கிட்ட வந்து அழுதாங்க.”

சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டியதெல்லாம் வாத்தியாரைச் சுருக்கென்று தைத்தது.

“சார், வழிய விடுங்க, கயிறு தட்டுது!” என்றாள் ஒருத்தி.

விலகி நின்றார். “அந்த மதிலை நான் பார்த்துக்கறேன். பாக்கின்னு ஒண்ணும் இல்ல டீச்சர். பதினேழும் என் பீரியடாத்தான் நடந்திருக்கு.”