படகில் ஒருவர் அதிகம்

“படகுல தண்ணி ஏறிட்டே இருக்கு. நாம ஏழு பேர், படகு ஆறு பேரைத்தான் தாங்கும். யாரைக் கடல்ல தள்றது? சீக்கிரம் சொல்லுங்க!”

டீச்சரின் குரல் நடுங்கியது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடலாவது, படகாவது! அது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறை. ஏழு நாற்காலிகளைப் படகு மாதிரி நெருக்கிப் போட்டு, ஊழியர்கள் ஆறு பேருக்கு ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான், பொறுக்க மாட்டாமல் டீச்சர் தமிழுக்கு இறங்கியிருந்தாள்.

உயிர் போகிற ஆபத்து என்றால் யாருக்கும் பேச்சு தானாக வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. ஆறு மாதமாக அவர்களைத் தீவில் விட்டுப் பார்த்தாள். பாலைவனத்தில் விட்டுப் பார்த்தாள். பனிமலையில் விமானத்தை விழ வைத்தும் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டே செத்துப்போனார்கள்.

இன்றைக்கு அவள் கழுத்துக்கே கத்தி வந்திருந்தது. காலையில் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“மூணரைக்கு வந்து கதவுக்கு வெளியே நின்னு கேப்பேன் டீச்சர். இவங்களுக்குப் பேச வந்துடுச்சா இல்லையான்னு பார்த்துட்டு, வகுப்பைப் பத்தி இன்னிக்கே முடிவெடுக்கணும்.”

இந்த வேலையும் போனால், மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். போன தடவை அங்கே இருந்த நாலு மாதமும் அண்ணி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் சமையலறைப் பாத்திரங்கள் பேசின.

மேனேஜர் வரப்போவதை அவள் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் இன்னும் வாயடைத்துப் போவார்களே!

மணி மூன்று இருபத்தெட்டு. ஒரே புழுக்கமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே முணுமுணுத்தபடி பலகைப் பக்கம் திரும்பினாள். சலவைக்கூடத்து இஸ்திரி அண்ணன் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து, மறுபடி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“மாடி அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

ஐந்தாவது மாடி முழுக்கப் பெருக்கித் துடைக்கிற அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அண்ணே, நீங்க?”

இஸ்திரி அண்ணன் மின்விசிறியையே பார்த்தார்.

“காவல்காரரே, வாசல்ல அந்த அதட்டு அதட்டறீங்க. இங்க வந்தா நாக்கு எழும்பாதா?”

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜரின் தலை வந்து நின்றது. மாணவர்களுக்கு அந்தப் பக்கம் முதுகு. டீச்சரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அவளுக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பாடத்தில் இல்லாத, நிஜமான அழுகை. சரி, யாரையும் தள்ள வேண்டாம், நானே குதித்துவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நாற்காலிப் படகிலிருந்து எழுந்தாள்.

“நோ டீச்சர்! நாட் யூ!”

மாடி அக்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். நீங்கள் போய்விட்டால் எங்களை மனுஷராக மதித்துப் பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஆங்கிலத்தில், ஒரு பிசிறு இல்லாமல்.

காவல்காரர் துள்ளி எழுந்தார். முதலில் மூட்டை முடிச்சுகளைக் கடலில் வீசுங்கள், மனுஷியை வீசுவது என்ன நியாயம் என்று ஆங்கிலத்தில் சண்டைக்கே வந்துவிட்டார். இஸ்திரி அண்ணனுக்கு நீச்சல் தெரியுமாம். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கரை வரைக்கும் வந்துவிடுவாராம். மற்ற மூன்று பேரும், ஆளுக்குக் கொஞ்ச நேரமாக முறை வைத்துத் தண்ணீரில் இறங்கலாம் என்று திட்டமே போட்டுவிட்டார்கள்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனையும் ஆங்கிலம். டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. மேனேஜர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

“பிரமாதம் டீச்சர்! நம்ம ஆளுங்களா இப்படிப் பொளந்து கட்டறாங்க? சாதிச்சுட்டீங்க!”

டீச்சர் கண்ணீரோடு சிரித்தாள். அண்ணன் வீடும் அண்ணியும் அந்தப் பாத்திரங்களும் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டன. மாணவர்கள் முகத்தில்தான் ஈயாடவில்லை.

“அதான் பேச வந்தாச்சே, இனிமே வகுப்பு எதுக்கு? இன்னியோட முடிச்சுக்கலாம். நாளையிலேருந்து இந்த ஒரு மணி நேரமும் இவங்க வேலையைப் பார்க்கட்டும். ரொம்ப நன்றி டீச்சர்!”

வந்த வேகத்திலேயே அவர் போய்விட்டார். டீச்சர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீங்க பேசினா வகுப்பு நிலைக்கும்னுதானே நான் இந்தப் பாடு பட்டேன்...” என்றாள்.

“பேச வர்ற வரைக்கும்தான் வகுப்புன்னு முதல் நாளே மேனேஜர் எங்ககிட்ட சொல்லிட்டாரு டீச்சர்” என்றார் இஸ்திரி அண்ணன்.

மாடி அக்கா இன்னும் அவள் கையை விடவில்லை.

“எங்களுக்கு மூணாவது மாசமே பேச வந்துடுச்சு. உங்களை விட மனசில்லாமத்தான் வாயைத் திறக்கல.”